காகம் முதலில் போயிற்று

நம் தொழிலுக்கு அட்டையில் அச்சடித்துக்கொள்ள நல்ல பெயர் ஒன்று இருக்கிறது: கலை ஆலோசகர். என் கணவர் இன்றைக்கும் ‘படம் மாட்டுறவ’ என்றுதான் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால், அவரை நம்புங்கள். சுவர் வைத்திருப்பவர் ஒரு பக்கம், தூரிகை வைத்திருப்பவர் மறுபக்கம். நடுவில் நின்று இருவரிடமும் திட்டு வாங்குவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

ஆரம்பத்தில் ஒரு பல் மருத்துவருடைய கிளினிக்கில் பெரிய சிவப்புப் பூக்கள் ஓவியம் ஒன்றை மாட்டினேன். அருமையான படம். பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் அதில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். மருத்துவருக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் அவர் உட்காரும் இடத்திலிருந்து அந்தச் சுவர் தெரியாது. படத்தை வாங்குபவர் ஒருவர், அதன் எதிரே உட்காருபவர் வேறொருவர் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அது சின்னச் சங்கதி. நீங்கள் போனவாரம் கேட்ட கேள்வி பெரியது: வாடிக்கையாளர் படத்தை மாற்றச் சொல்லிக்கொண்டே போனால் எந்த இடத்தில் நிறுத்துவது? எனக்குப் பதில் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் பழைய மூவறை வீடு ஒன்றில் ஓவியர் ஒருவர் இருந்தார். இன்று அவர் பெயரை நான் சொன்னால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள். அதனால் நான் கூப்பிட்டபடியே வேலு அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மரம் வரைவார். மரம் என்றால் பச்சையாக ஒரு திட்டு அல்ல. தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில் தொற்றி வளரும் பெரணிகூடத் தனித்தனியாகத் தெரியும். எந்த இலையைப் பூச்சி அரித்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: “போட்டோ மாதிரியே இருக்கு.” அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அவர் மனைவி சரோஜா அக்கா, ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. வீட்டு நிர்வாகமும் அவருடைய தூரிகைகளைக் கழுவும் பொறுப்பும் அக்காவுடையவை.

ஜாலான் புசாரில் ஆணி, குழாய் விற்கும் வன்பொருள் கடைகளுக்கு நடுவே அண்ணன் தங்கை தம்பி மூவர் சேர்ந்து சின்னத் தங்கும் ஓட்டல் ஒன்றைக் கட்டினார்கள். அவர்களுடைய அப்பா அதே இடத்தில் விடுதி நடத்தியவர். அது இடிக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, இப்போது குளிர்சாதனமும் வெள்ளைச் சுவருமாக நின்றது. மூத்தவர் சிதம்பரம் எப்போதும் கவுண்டரில் நிற்பவர். தங்கை மீனாட்சி கணக்கு வழக்கு. தம்பி சேகர் ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்து விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர். அதற்கு இயற்கைக் காட்சி ஒன்று வேண்டும் என்றார்கள். நான் வேலு அண்ணனிடம் போனேன்.

அவர் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு குளக்கரைக்குக் காலையில் போய் வருவார். அதையே வரைந்தார். பெரிய மரம், அதன் கீழே குளத்துக்கு ஓடி வரும் நீர், கரையில் ஓர் உடும்பு, கிளையில் ஒரு காகம், வலப்பக்கம் கீழே ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் யாரென்று அண்ணனுக்குத் தெரியாது. தினமும் அங்கே இருப்பார், அவ்வளவுதான்.

மூவரையும் வீட்டுக்கே அழைத்துப்போய்க் காட்டினேன். எல்லாருக்கும் பிடித்தது. பிடித்துவிட்டால்தான் நம் தொழிலில் சிக்கல் ஆரம்பிக்கும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்பார். பிடித்தவர் மறுநாள் போன் செய்வார்.

மறுநாள் மீனாட்சி போன் செய்தார். உள்ளே நுழைந்ததும் காகம் கண்ணில் படுவது திவசம் மாதிரி இருக்கிறதாம். நான் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு காகத்தை எடுத்துவிட்டதாக சரோஜா அக்கா மூலம் தகவல் வந்தது.

அடுத்தது உடும்பு. சேகர் சொன்னது: வெளிநாட்டு விருந்தினர்கள் அதை முதலை என்று நினைத்துப் பயப்படுவார்கள். உடும்பு போயிற்று. பிறகு மீனாட்சி ஃபெங் ஷுயி என்கிற சீன வாஸ்து நிபுணர் ஒருவரைக் கூட்டிவந்தார். குடும்பம் முருகன் கோயிலுக்கு மாதாமாதம் போகிற குடும்பம். ஆனால் லாபம் என்று வரும்போது எந்தக் கதவையும் மூடி வைக்க மாட்டார்கள். படத்தில் நீர் வாசலைப் பார்த்து ஓடுகிறது, செல்வமும் அப்படியே ஓடிவிடும் என்றார் நிபுணர். தண்ணீரைத் திருப்பி விடச் சொன்னார்கள். அண்ணன் இந்த முறை பேசினார். நீர் திரும்பினால் கரை திரும்ப வேண்டும், கரை திரும்பினால் வெளிச்சம் விழும் பக்கம் மாற வேண்டும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். பேசி முடித்தபின் கேன்வாஸை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரையே எடுத்துவிடலாம் என்று அவராகவே சொன்னார்.

நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான்காவது சிதம்பரம். அவர் போனில் பேசவில்லை. ஓட்டலுக்கு வெளியே கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் என்னைத் தனியாக நிறுத்தி, பெஞ்சில் இருக்கும் பெரியவர் வேண்டாம் என்றார். ஆள் தனியாக உட்கார்ந்திருந்தால் ஓட்டலுக்குக் கூட்டமே வராதது போல் இருக்கும் என்று காரணம் சொன்னார். நியாயமாகப்பட்டது. பெரியவரும் பெஞ்சும் போனார்கள்.

கடைசியாக மரம். சேகர் அந்தச் சுவரின் மேல் ஓட்டலின் பெயரை விளக்கெழுத்தில் பொருத்தத் தீர்மானித்திருந்தார். கிளைகளும் இலைகளும் பின்னால் இருந்தால் எழுத்துத் தெரியாது. மரத்தைக் கொஞ்சம் ‘சிம்பிள்’ ஆக்க முடியுமா என்று கேட்டார்.

மரக்காரரிடம் போய் மரத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று எம்ஆர்டி ரயிலில் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்.

“அடுத்தது எதை எடுக்கணும்?”

முகத்தில் கோபம் இல்லை. ஆவல் இருந்தது. அன்றிரவு சரோஜா அக்கா எனக்குப் போன் செய்து, அவர் சாப்பாட்டுக்குக்கூட வராமல் படத்தின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தான் இத்தனை வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் என்றும், எப்போது கவலைப்பட வேண்டும் என்பது தனக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் பிற்பகல் படத்தை ஓட்டலுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்து, மேலே சுற்றியிருந்த துணியை எடுத்தோம். எனக்கும் அதுதான் முதல் பார்வை. மரம் இல்லை, நீர் இல்லை, கரை இல்லை. மேலே அடர்ந்த பச்சை கருமையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் காவி. கீழே ஒரு பக்கமாக, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். வலப்பக்கம் கீழே கொஞ்சம் இடம், மற்ற இடங்களைவிடச் சற்று அமைதியாக இருந்தது.

முதலில் என்னிடம் பேசியவர் சேகர். “அக்கா, இது பெயிண்ட் சாம்பிளா?”

தாங்கள் கேட்டது இயற்கைக் காட்சி என்று மீனாட்சி எனக்கு நினைவூட்டினார். வேலு அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீங்கள் எடுக்கச் சொன்னவற்றை மட்டும்தான் எடுத்தேன், ஒன்றுகூட நானாக எடுக்கவில்லை என்றார். அது முழு உண்மை. தண்ணீர் விஷயம் மட்டும் கொஞ்சம் விவாதத்துக்குரியது. இடது ஓரத்தில் சின்னதாக ஒரு மரத்தைத் திரும்ப வைத்துக் கொடுக்கும்படி சேகர் கேட்டார். எழுத்தை வலது பக்கம் தள்ளிக்கொள்ளலாம் என்றும் இறங்கி வந்தார்.

“வரைய வரும்ப்பா,” என்றார் அண்ணன். “ஆனா இந்தப் படம் முடிஞ்சு போச்சு.”

மறுநாள் காலையில் விருந்தினர்கள் வருகிறார்கள். சுவர் காலி. ஓட்டல்காரர்கள் என்னைப் பார்க்கிறார்கள், ஓவியர் என்னைப் பார்க்கிறார். இப்படிப்பட்ட நேரத்துக்கென்று நம்மிடம் சில வாக்கியங்கள் தயாராக இருக்கும். உருவத்தைக் கடந்த உணர்வு, பார்வையாளரின் பங்கேற்பு, இன்றைய நகர வாழ்வுக்குத் தேவையான மௌனம். எனக்கு எல்லாம் மனப்பாடம். முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன்.

அப்போது சிதம்பரம் உள்ளே வந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ மேசைத்துணி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டு கிட்டே போனார். வலப்பக்கம் கீழே, அந்த அமைதியான இடத்துக்கு நேராக, தொடாமல் கையை நீட்டினார்.

“இங்கதானே உட்கார்ந்திருந்தாரு?”

“ஆமா,” என்றார் வேலு அண்ணன்.

“நல்லா எடுத்துட்டீங்களா?”

“துடைச்சு எடுத்துட்டேன். அப்புறம்தான் மேல நிறம் வச்சேன்.”

சிதம்பரம் தலையை ஆட்டினார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார். அவர்களுடைய அப்பா விடுதியை மூடியபின் கடைசி இரண்டு வருஷம் அடுக்குமாடி வீட்டு புளோக்குக்குக் கீழே ஒரு பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம். தான் தினமும் அந்த வழியாகத்தான் கார் எடுக்கப் போனதாகச் சொன்னார். அவசரத்தில் இவர் கை மட்டும் காட்டுவாராம். அப்பாவும் கை காட்டுவாராம்.

“ஆளை எடுத்தா சரியாயிடும்னு நினைச்சேன் லா,” என்றார். “இப்ப இன்னும் நல்லா தெரியுறாரு.”

மீனாட்சி பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிதம்பரம் என் பக்கம் திரும்பினார்.

“படம் நல்லா இல்லேன்னு சொல்லல, லதா. ஆனா தினமும் இந்த கவுண்டர்ல நிக்கிறவன் நான். இது இங்க வேணாம்.”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு கெட்டிக்கார ஆலோசகருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ‘பார்த்தீர்களா, இதுதான் கலையின் சக்தி’ என்று ஒரே வாக்கியம் போதும். அந்த நிலையில் அவர் மறுத்திருக்க மாட்டார். படம் விற்றிருக்கும், என் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும், அவர் வாழ்நாள் முழுக்க அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவி கொடுத்துக்கொண்டிருப்பார். வாக்கியம் நாக்கின் நுனியில் நின்றது. விழுங்கினேன். நான் வாயால் பிழைத்தவள். பேசாமல் இருந்ததற்காக என்னையே மெச்சிக்கொள்ள எனக்கு அதிகச் சந்தர்ப்பங்கள் இல்லை, அதனால் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அண்ணன் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவரே குனிந்து துணியை எடுத்துப் படத்தின் மேல் போர்த்தினார். சிதம்பரத்திடம், நீங்கள் பார்த்துவிட்டீர்கள், எனக்கு அது போதும் என்று மட்டும் சொன்னார்.

சுவர் இன்னும் காலிதான். சரோஜா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர்கள் கூடத்தில் வருஷக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த பழைய படம் ஒன்றைக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அது அக்காவுக்குப் பிடித்த படம். இருந்தாலும், லாரி வருவதற்குள் தூசு தட்டி வைக்கிறேன் என்றார். அன்று மாலையே அதை மாட்டினோம். இலை இலையாக ஒரு மரம். அதில் இரண்டு காகங்கள். கரையில் உடும்பு, அதுவும் வாயைத் திறந்துகொண்டு. நீர் வாசலை நோக்கிப் பாய்ந்து ஓடியது. மேலே பொருத்திய எழுத்தில் ஓட்டலின் பெயரைப் படிக்க முடியவில்லை.

விழாவில் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஃபெங் ஷுயி நிபுணரும் எடுத்துக்கொண்டார். மீனாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்தே நாங்கள் இதைத்தானே கேட்டோம் என்றார்.

அந்தப் பக்கம் குவீன்ஸ்டவுனில் பெரிய படம் லிஃப்டுக்குள் நுழையவில்லை. படிக்கட்டில் திருப்பித் திருப்பித் தூக்கிப்போய், மரம் இருந்த இடத்தில் மாட்டினார்கள். நல்ல மரத்தைக் கொடுத்துவிட்டுக் காலி நிலத்தை வாங்கிவந்த ஆள் என்று சரோஜா அக்கா சில மாதம் அண்ணனைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் போனபோது அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“மரம் இருந்தப்ப இலையை எண்ணுவேன், லதா,” என்றார். “வார்டு பழக்கம். மாத்திரையை எண்ணு, நாடியை எண்ணு. இதுல எண்ண ஒண்ணும் இல்ல. கண்ணு சும்மா இருக்கு.”

வேலு அண்ணன் அதற்குப் பிறகு இலை வரையவில்லை. வரைய முடியாமல் அல்ல. உட்காருவார், ஒரு கிளை போடுவார், இது எதற்கு என்று தோன்றிவிடுமாம். காலையில் அதே குளக்கரைக்குப் போவார், முன்பைவிட அதிக நேரம் பார்ப்பார், வீட்டுக்கு வந்து நிறம் மட்டும் வைப்பார். பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வங்கிக்காரர்கள் மரம் கேட்டார்கள். இவர் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, ‘எப்போ முடியும்?’ என்று கேட்டார்கள். நானே பல சுவர்களுக்கு அவரைச் சிபாரிசு செய்து தோற்றேன். சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்து நாட்களை ஓட்டினார். வகுப்பில் மரம்தான் சொல்லிக்கொடுத்தார். பெற்றோர்கள் போட்டோ மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு காட்சிக்கூடத்துக்காரப் பெண் அவர் வீட்டுக்கு வேறு வேலையாக வந்து, சுவர்களைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தனிக் கண்காட்சி, கனமான நூல், அதில் நீண்ட முன்னுரை. நீண்டகாலத் தியானத்தின் விளைவாக ஓவியர் இயற்கையின் உருவங்களைத் துறந்தார் என்று முன்னுரை சொல்லியது. கீழைத் தத்துவத்தின் சூன்யத்தையும் தீவு நகரம் இழந்த காடுகளையும் அது குறிப்பிட்டது. ஜாலான் புசாரைக் குறிப்பிடவில்லை.

திறப்பு நாளில் அவையில் ஒருவர் எழுந்து, உருவத்தை விட்டு விலகிய அந்தக் கணம் எது என்று கேட்டார். நான் முன் வரிசையில் இருந்தேன். அண்ணன் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“ஒரு ஓட்டல்ல காக்கா வேணாம்னாங்க. எடுத்தேன். அப்புறம் உடும்பு வேணாம்னாங்க.”

அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கைதட்டியது. அவர் தண்ணீருக்கு வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பிறகு வந்த கட்டுரைகளில் காகம் இறந்தவர்களின் குறியீடாகவும் உடும்பு ஆதி இயற்கையாகவும் இடம்பெற்றன. மாஸ்டரின் எள்ளல் கலந்த உவமைக் கதை என்று ஒருவர் எழுதினார். உண்மையைச் சொல்பவரைப் பெரிய மனிதராக்கிவிட்டால், பிறகு அவர் சொல்வதை யாரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

சிதம்பரம் கண்காட்சிக்கு வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார், ஒரு வாரநாள் காலையில், கூட்டம் இல்லாதபோது. அந்தப் பெரிய படம் விற்பனைக்கு அல்ல என்ற சீட்டோடு தொங்கியது. சற்று நேரம் நின்றுவிட்டு, பார்க்கிங் நேரம் முடிகிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி வேலைகளில் ஒன்று, ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. இப்போது நிர்வாகமே வேலு அண்ணனின் அருவ ஓவியம்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டது. அவரும் கொடுத்தார். இளமஞ்சள், பச்சை, நடுவில் மழைக்கு முன் இருக்குமே, அந்தச் சாம்பல் நிறம். எல்லாருக்கும் பிடித்தது. எனக்கு உடனே பயம் வந்தது.

பயந்தபடியே, மாட்டிய மறுநாள் அந்த வார்டின் தாதி போன் செய்தார். இளம்பெண், தயங்கித் தயங்கிப் பேசினார். ஊசி போடும்போது பிள்ளைகளை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறோம், தேடிக் கண்டுபிடிக்க அதில் ஏதாவது ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும், ஒரு நத்தை மாதிரி, ரொம்பச் சின்னதாக இருந்தால் போதும் என்றார். அதைக் கேட்டு நிர்வாகத்தினர் பதறிப்போய், பெரிய கலைஞரிடம் இதையெல்லாம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்று எனக்குத் தனியாகப் போன் செய்தார்கள். காட்சிக்கூடத்துக்காரப் பெண்ணோ, அது அவருடைய முழுப் பயணத்தையும் மறுப்பதாகிவிடும் என்றார்.

நான் போய்ச் சொன்னேன். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“படுத்திருக்கிற பிள்ளைக்கு எந்த உயரத்துல தெரியும்?”

மறுநாள் டாக்சி பிடித்து வார்டுக்கு வந்தார். காலியாக இருந்த ஒரு கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்து, தலையைத் திருப்பி அளவு பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கீழ் ஓரத்துப் பச்சையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தையை வரைந்தார். ஓட்டின் ஒவ்வொரு சுழியும் தெரிந்தது. கொம்பின் நுனிகூடத் தெரிந்தது. அதற்கு அவருக்குப் பிற்பகல் முழுவதும் ஆயிற்று. கையில் ஊசிக் குழாயோடு ஒரு சிறுமி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ரொம்ப நாளாக யாரும் அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்: போட்டோ மாதிரியே இருக்கிறதாம். அவர் அவளுக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்குப் போய் மறுநாள் காலை பழையபடி வெறும் நிறங்களோடு உட்கார்ந்துகொண்டார். ‘உருவத்துக்குத் திரும்புதல்: மூன்றாம் காலகட்டம்’ என்று அந்தப் பிற்பகலைப் பற்றி இதுவரை இரண்டு கட்டுரைகள் வந்திருக்கின்றன. இரண்டுமே வார்டைப் பற்றிப் பேசவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். நின்றுகொண்டு தேடினால் கிடைக்காது. படுத்துத்தான் பார்க்க வேண்டும்.